பிள்ளைக்குக் கொடுக்கும் மருந்து: அறிந்து கொடுத்தல், அளந்து கொடுத்தல்

திருக்குறளிலே "மருந்து" என்றோர் அதிகாரம் உண்டு. மருத்துவம் என்பது நான்கு கூறுகளால் ஆனது என்று அவ்வதிகாரத்தின் இறுதியில் வள்ளுவப் பெருந்தகை வகுத்துக் காட்டுகின்றார். நோயுற்றவர், நோயைத் தீர்க்கும் வைத்தியர், மருந்து, அம்மருந்தைத் தவறாது கொடுத்து அருகிருந்து பராமரிப்பவர் என்பனவே அந்நான்குமாம். முதல் மூன்றையும் எல்லோரும் எண்ணுவர். நான்காமவரை எண்ணுவோர் குறைவு. நோயுற்றது குழந்தையாயின் அந்த நான்காமவர் அதன் தாயும் தந்தையும், அம்மம்மாவும் அப்பாச்சியுமே.

தீவகத்தில் இந்த நான்காமவரின் பொறுப்பு மற்றைய ஊர்களைவிடப் பெரியது. ஊர்காவற்றுறையில் ஆதார வைத்தியசாலை இருக்கின்றது. நெடுந்தீவு, நயினாதீவு, புங்குடுதீவு, வேலணை ஆகிய இடங்களிலும் வைத்தியசாலைகள் உள்ளன. ஆயினும் விசேட சிகிச்சை வேண்டுமாயின் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கே போதல் வேண்டும். நெடுந்தீவிலிருந்து குறிகாட்டுவானுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடற்பயணம். நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு மக்களுக்கும் கடலே வழி. சோளகம் பெலத்து வீசும் நாளில் அந்த வழியும் எளிதன்று. ஆதலால் இரவு பதினொரு மணிக்குப் பிள்ளையின் உடம்பு கொதித்தால் முதலில் திறக்கப்படுவது வீட்டு அலுமாரிதான். அங்கே இருக்கும் போத்தல்களுள் எதை, எவ்வளவு, எத்தனை தரம் கொடுப்பது என்பதைப் பகலிலேயே அறிந்து வைத்திருத்தல் வேண்டும். அதற்கு உதவும் பொருட்டே இக்கட்டுரை எழுதப்படுகின்றது. இது வைத்தியரின் ஆலோசனைக்கு மாற்றீடு ஆகாது.

ஒரே மருந்து, பல பெயர்கள்

காய்ச்சலுக்கு நம்மவர் கேட்டு வாங்குவது "பனடோல்" ஆகும். பனடோல் என்பது ஒரு கம்பனி வைத்த வியாபாரப் பெயர். உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் பரசிற்றமோல். இதே பரசிற்றமோல் வேறு பல பெயர்களிலும் விற்கப்படுகின்றது. தடிமனுக்கும் இருமலுக்கும் என்று விற்கப்படும் சில பாணி மருந்துகளிலும் இது கலந்திருப்பதுண்டு.

மருந்தை அதன் பொதுப்பெயரால் அறிய வேண்டும் என்பதை இலங்கையில் வலியுறுத்தியவர் பேராசிரியர் சேனக பிபிலே ஆவார். 1971 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதற் தலைவரும் அவரே. ஏழை மக்களுக்கு மலிவான விலையில் நல்ல மருந்து கிடைத்தல் வேண்டும் என்பது அவரது நோக்கம். பொதுப்பெயரை அறிவதில் விலையைவிட முக்கியமான இன்னொரு நன்மையும் உண்டு. அதை ஓர் உதாரணத்தால் விளக்கலாம்.

ஒரு வீட்டில் மூன்று வயதுப் பிள்ளைக்குக் காய்ச்சல். காலை ஆறு மணிக்குத் தாய் பரசிற்றமோல் பாணி கொடுத்துவிட்டு வேலைக்குப் போகின்றாள். ஒன்பது மணிக்கு மாமி பிள்ளையைத் தொட்டுப் பார்த்து, "இன்னும் சுடுகுதே" என்று பனடோல் குளிசையிற் பாதியைக் கரைத்துப் பருக்குகின்றாள். பதினொரு மணிக்கு அம்மம்மா மூக்கு வடிவதைக் கண்டு தடிமன் பாணி ஒரு கரண்டி கொடுக்கின்றார். மூவரும் அன்பினாலேயே செய்தனர். ஆனால் ஐந்து மணி நேரத்துக்குள் பிள்ளை மூன்று தரம் பரசிற்றமோல் உட்கொண்டுவிட்டது. இவ்வாறு இரண்டு மூன்று நாள் தொடர்ந்தால் ஈரல் பாதிக்கப்படும். முதல் நாளில் பிள்ளை நன்றாக இருப்பதுபோலவே தோன்றும் என்பது இதிலுள்ள பெரிய ஆபத்தாகும். ஈரற் பாதிப்பின் அறிகுறிகள் பிந்தியே வெளிப்படும். மாற்று மருந்து இருக்கின்றது. ஒரே தடவையில் மிகையாக உட்கொண்ட பிள்ளைக்கு அம்மருந்தை எட்டு மணி நேரத்துக்குள் தொடங்குவதே சிறந்தது. ஆகவே அளவு மிஞ்சிவிட்டது எனச் சந்தேகம் வந்தால், பிள்ளை விளையாடிக்கொண்டிருந்தாலும், போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குப் போதல் வேண்டும்.

இதைத் தவிர்க்கும் வழி மிக எளிது. சமையலறையில் தொங்கும் கலண்டரிலோ ஒரு கொப்பியிலோ மூன்று விடயங்களை எழுதி வைத்தால் போதும்: கொடுத்த நேரம், மருந்தின் பெயர், கொடுத்த அளவு. அடுத்து மருந்து கொடுக்க வருபவர் அதைப் பார்த்த பின்பே போத்தலைத் திறத்தல் வேண்டும். வைத்தியரிடம் போகும்போதும் அந்தக் கொப்பி பேருதவியாக இருக்கும்.

நிறையும் அளவும்

பிள்ளைக்கு மருந்தின் அளவைத் தீர்மானிப்பது முதலில் அதன் நிறையே. ஒரே வயதுடைய இரு பிள்ளைகளின் நிறை பெரிதும் வேறுபடலாம். கிளினிக்கில் குடும்ப சுகாதார உத்தியோகத்தர் நிறுத்து எழுதித் தரும் சுகாதார விருத்திப் பதிவேட்டில் பிள்ளையின் நிறை இருக்கின்றது. அதை அலுமாரியின் அடியில் வைக்காமல் கைக்கெட்டும் இடத்தில் வைத்தல் நன்று.

பரசிற்றமோல் ஒரு தடவைக்கு, நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 10 முதல் 15 மில்லிகிராம் வரை கொடுக்கலாம். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை, 24 மணி நேரத்தில் நான்கு தடவைக்கு மேற்படாமல் கொடுத்தல் பாதுகாப்பானது. பரசிற்றமோல் பாணியின் லேபலில் 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் என்று எழுதியிருந்தால் கணக்கு இலகுவாகும்.

10 கிலோ நிறையுள்ள பிள்ளைக்கு 5 மில்லிலீற்றர்.
15 கிலோ நிறையுள்ள பிள்ளைக்கு 7.5 மில்லிலீற்றர்.
20 கிலோ நிறையுள்ள பிள்ளைக்கு 10 மில்லிலீற்றர்.

லேபலில் வேறு எண் இருந்தால் இந்தக் கணக்குப் பொருந்தாது. அப்போது மருந்தாளரிடமோ வைத்தியசாலையிலோ கேட்டே கொடுத்தல் வேண்டும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டில் மருந்து கொடுத்துப் பார்த்துக்கொண்டிருத்தல் ஆகாது. வைத்தியரிடமே கொண்டுபோதல் வேண்டும்.

கரண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தேக்கரண்டி என்றால் 5 மில்லிலீற்றர் என்பது ஏட்டுக் கணக்கு. வீட்டிலுள்ள தேக்கரண்டிகள் சிறிதும் பெரிதுமாகப் பலவிதம். மருந்துப் போத்தலோடு வரும் அளவு மூடி, அளவுக் கரண்டி, அல்லது மருந்தகத்தில் வாங்கக்கூடிய ஊசியில்லாச் சிறிஞ்ச் ஆகியவற்றாலேயே அளத்தல் வேண்டும். ஆடுகின்ற படகில் அளந்து கொடுக்க முயலாமல், கரையில் அளந்து கொடுத்துவிட்டு ஏறுவதே புத்தி.

காய்ச்சல் என்பது நோயோடு உடம்பு போராடுவதன் அடையாளம். பரசிற்றமோல் நோயை மாற்றுவதில்லை; பிள்ளையின் உபாதையைக் குறைக்கின்றது. ஆகையால் வெப்பமானியில் எண் கூடிவிட்டது என்பதற்காக, நிம்மதியாக உறங்கும் பிள்ளையைத் தட்டியெழுப்பி மருந்து கொடுக்க வேண்டியதில்லை. போர்வையால் இறுகச் சுற்றவும் வேண்டாம். மெல்லிய உடுப்பும், அடிக்கடி சிறிது சிறிதாகக் குடிக்க நீராகாரமும் போதும்.

திருவிழாவுக்கு வரும் பெட்டிகள்

மகோற்சவ காலத்தில் லண்டன், பாரிஸ், ரொறன்ரோ முதலிய நகரங்களிலிருந்து உறவினர் ஊருக்கு வந்து சேர்வர். அவர்கள் கொண்டுவரும் பெட்டிகளில் சொக்லேற்றுடன் மருந்தும் இருக்கும். பிள்ளைகளுக்கெனக் கொண்டுவந்த பாணியை, திரும்பிப் போகும்போது "வைச்சிருங்கோ, உதவும்" என்று கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். அன்பினால் கொடுப்பது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் போத்தல்களில் மூன்று சிக்கல்கள் உள்ளன.

முதலாவது, பெயர். கனடாவிலும் அமெரிக்காவிலும் பரசிற்றமோலை அசிற்றமினோபென் என்பர். அங்கே அது "ரைலனோல்" என்ற பெயரில் பெரிதும் விற்கப்படுகின்றது. இங்கிலாந்தில் "கல்போல்" என்றும் பிரான்சில் "டொலிப்ரான்" என்றும் வருவதும் பரசிற்றமோலே. இவை பனடோலுக்கு மேலதிகமாகக் கொடுக்கக்கூடிய வேறு மருந்துகள் அல்ல.

இரண்டாவது, செறிவு. இங்கிலாந்தின் கல்போலில் சிறு குழந்தைகளுக்கானது 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம். ஆறு வயதுக்கு மேற்பட்டோருக்கானது 5 மில்லிலீற்றரில் 250 மில்லிகிராம். கனடாவிலிருந்து வரும் கைக்குழந்தைகளுக்கான ரைலனோல் துளி மருந்து இன்னும் செறிவானது. அதன் ஒவ்வொரு மில்லிலீற்றரிலும் 80 மில்லிகிராம் உண்டு. ஊர்ப் பழக்கத்தில் அதை 5 மில்லிலீற்றர் கொடுத்தால் 400 மில்லிகிராம் ஆகிவிடும். 10 கிலோப் பிள்ளைக்குக் கொடுக்கத்தக்க உச்ச அளவு 150 மில்லிகிராம் மட்டுமே. கைக்குழந்தையின் படம் போட்ட சிறிய போத்தல், மென்மையான மருந்தாகத்தான் இருக்கும் என்று எண்ணுதல் எவ்வளவு தவறானது என்பதை இதனால் உணரலாம். டொலிப்ரானின் பெட்டியில் வரும் அளவுகோலில் மில்லிலீற்றருக்குப் பதிலாகப் பிள்ளையின் கிலோ குறிக்கப்பட்டிருக்கும். அதை வேறொரு மருந்துக்குப் பயன்படுத்தினால் அளவு பிழைத்துவிடும்.

மூன்றாவது, மருந்தின் வகை. வெளிநாடுகளில் பிள்ளைகளின் காய்ச்சலுக்கு இபுபுரோபன் என்னும் மருந்தும் கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றது. "நியூறோபன்", "அட்வில்" என்பன அதன் வியாபாரப் பெயர்கள். டெங்கு பரவாத ஊர்களில் அது பெரும்பாலும் தீங்கின்றிப் பயன்படுகின்றது. இங்கே நிலைமை வேறு.

டெங்கு உள்ள நாட்டில் ஒரு விதி

2017 ஆம் ஆண்டில் இலங்கை முழுவதிலும் 186,000 க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். 400 க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். யாழ்ப்பாண மாவட்டத்தில் வாடைக்கால மழையோடு கார்த்திகை முதல் தை வரை டெங்கு பெருகுவது வழக்கம். காய்ச்சல் தொடங்கிய நாளில் அது சாதாரண வைரசுக் காய்ச்சலா, டெங்கா என்று பார்த்த மாத்திரத்தில் யாராலும் சொல்ல இயலாது.

டெங்கு நோயில் இரத்த உறைவுக்கு உதவும் சிறுதட்டுகள் குறைகின்றன. இபுபுரோபன், டைக்குளோபினாக், மெபனமிக் அசிட், அஸ்பிரின் ஆகியவை அச்சிறுதட்டுகளின் தொழிலைத் தடுத்து இரைப்பையையும் புண்படுத்துபவை. இரண்டும் சேர்ந்தால் உள்ளே இரத்தம் கசிய இடமுண்டு. ஆதலால் காய்ச்சலுக்கு இவற்றைக் குளிசையாகவோ, பாணியாகவோ, மலவாசல் வழியாக வைக்கும் மருந்தாகவோ கொடுத்தல் கூடாது. காரணம் தெரியாத காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் ஒன்றே கொடுக்கத்தக்கது. அதுவும் உரிய அளவிலேயே கொடுத்தல் வேண்டும்.

டிஸ்பிரின் எனப்படும் அஸ்பிரினைப் பற்றி இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. அவுஸ்திரேலிய வைத்தியரான டக்ளஸ் றேய் 1963 ஆம் ஆண்டில், பிள்ளைகளின் மூளையையும் ஈரலையும் தாக்கும் அரிய நோயொன்றை விபரித்தார். வைரசுக் காய்ச்சலின்போது அஸ்பிரின் கொடுக்கப்பட்ட பிள்ளைகளிடையே இந்நோய் கூடுதலாகக் காணப்பட்டமை பின்னர் தெரியவந்தது. ஆகவே 16 வயதுக்கு உட்பட்டோருக்கு வைத்தியர் சொன்னாலன்றி அஸ்பிரின் கொடுக்கப்படுவதில்லை. தாத்தாவின் இருதய நோய்க்கான அஸ்பிரினும் பேரப்பிள்ளையின் மருந்தும் ஒரே பெட்டியில் இருத்தல் ஆகாது.

டெங்குவில் பெற்றோர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் விடும். "கடவுளே, சுகமாயிற்று" என்று வீடு நிம்மதி அடையும் அவ்வேளையிலேயே சில பிள்ளைகளுக்கு ஆபத்தான கட்டம் தொடங்குகின்றது. காய்ச்சல் விட்டும் பிள்ளை சோர்ந்து கிடந்தால், வயிற்று நோவு, தொடர்ந்த சத்தி, கை கால் குளிர்தல், முரசில் அல்லது மூக்கில் இரத்தம், சலம் குறைதல் ஆகியவற்றுள் ஒன்றேனும் கண்டால், ஒரு நாழிகையும் தாமதிக்கலாகாது. காய்ச்சல் இரண்டு நாளுக்கு மேல் நீடித்தாலே வைத்தியரிடம் காட்டி இரத்தப் பரிசோதனை செய்வது நல்லது.

இருமற் பாணி வேண்டுமா?

2025 ஆம் ஆண்டு புரட்டாதி, ஐப்பசி மாதங்களில் இந்தியாவின் மத்தியப் பிரதேசத்துச் சிந்துவாரா மாவட்டத்தில் நிகழ்ந்தது பெற்றோர் அனைவரும் அறிய வேண்டியதாகும். இருமலும் தடிமனும் கண்ட சிறு பிள்ளைகளுக்குக் "கோல்ட்ரிப்" என்னும் பாணி கொடுக்கப்பட்டது. சில நாட்களில் பிள்ளைகளுக்குச் சலம் நின்றது, சிறுநீரகங்கள் செயலிழந்தன. இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இறந்தனர். அப்பாணி தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டத்துத் தொழிற்சாலை ஒன்றில் தயாரானது. தமிழ்நாட்டு அரசின் மருந்துப் பரிசோதனையில் அதில் 48.6 வீதம் டைஎதிலீன் கிளைக்கோல் என்னும் நஞ்சு இருப்பது கண்டறியப்பட்டது. அனுமதிக்கப்பட்ட எல்லை 0.1 வீதம் மட்டுமே. தொழிற்சாலையின் அனுமதிப்பத்திரம் இரத்துச் செய்யப்பட்டது.

டைஎதிலீன் கிளைக்கோல் என்பது தொழிற்சாலைகளில் பயன்படும், இனிப்புச் சுவையுள்ள ஒரு திரவம். பாணி மருந்துகளைக் கரைக்கப் பயன்படும் நல்ல திரவங்களோடு இது கலப்படமாக வந்து சேர்கின்றது. 1937 இல் அமெரிக்காவில் ஒரு பாணி மருந்தில் இது இருந்ததால் நூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர். 2022 இல் ஆபிரிக்காவின் கம்பியா நாட்டில் ஏறத்தாழ எழுபது பிள்ளைகள் இவ்வாறே இறந்தனர்.

சிந்துவாராப் பெற்றோர் குற்றம் எதுவும் செய்தவர்கள் அல்லர். போத்தலைப் பார்த்து நஞ்சைக் கண்டுபிடிக்க எவராலும் முடியாது. ஆனால் அந்தத் துயரம் ஒரு கேள்வியை எழுப்புகின்றது. சிறு பிள்ளையின் சாதாரணத் தடிமனுக்கு அந்தப் பாணி தேவைப்பட்டதா? அதிலிருந்தவை பரசிற்றமோல், குளோபெனிரமின், பினைலெப்ரின் என்னும் மருந்துகள். பின்னைய இரண்டும் சேர்ந்த கலவையை நான்கு வயதுக்கு உட்பட்டோருக்குக் கொடுத்தலாகாது என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் திணைக்களம் 2023 இலேயே அறிவித்திருந்தது. கடையில் விற்கும் இருமல், தடிமன் மருந்துகளை இரண்டு வயதுக்கு உட்பட்டோருக்குக் கொடுக்க வேண்டாம் என அமெரிக்கா 2008 இலும், ஆறு வயதுக்கு உட்பட்டோருக்கு வேண்டாம் என இங்கிலாந்து 2009 இலும் அறிவுறுத்தின. சிறு பிள்ளைகளில் இவை பயன் தருவதற்கு நல்ல ஆதாரம் இல்லை என்பதும், தீங்கு நேர்ந்திருக்கின்றது என்பதுமே காரணம். பயன் இல்லாத மருந்தில் மிஞ்சுவது ஆபத்து மட்டுமே.

சாதாரண இருமல் பத்து நாள் அளவிலும் சில வேளை அதற்கு மேலும் இருந்து தானாகவே மாறும். இளஞ்சூடான தண்ணீரும் கொத்தமல்லி அவித்த நீரும் தொண்டைக்கு இதம் தரும். ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குச் சிறிது தேன் கொடுக்கலாம். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேனைத் தொட்டு நாக்கில் வைக்கவும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி அக்குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்க வல்லது. விக்ஸ் போன்ற கற்பூரம் கலந்த தைலங்களை இரண்டு வயதுக்கு உட்பட்டோருக்குப் பூசுதல் ஆகாது. பிரிட்டன் போன்ற மருந்து தூக்கம் வருவிக்கும் என்பதற்காக, அழும் பிள்ளையை அடக்கவோ படகில் உறங்க வைக்கவோ அதைக் கொடுத்தல் மிகத் தவறு.

வயிற்றோட்டத்துக்கு மருந்து தண்ணீரே

வயிற்றோட்டத்தில் பிள்ளையைக் கொல்வது நீரிழப்பு. 1971 ஆம் ஆண்டில் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து இந்தியாவுக்கு வந்த அகதிகளின் முகாமில் வாந்திபேதி பரவியபோது, சேலைன் போத்தல்கள் தீர்ந்துவிட்டன. வைத்தியர் திலிப் மகாலனாபிஸ் உப்பும் சீனியும் அப்பச்சோடாவும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். ஏறத்தாழ நூற்றுக்கு முப்பதாக இருந்த இறப்பு நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது. நமது கடைகளிற் கிடைக்கும் "ஜீவனி" அதே வழியில் வந்ததே.

பக்கற்றில் எழுதப்பட்டுள்ள அளவு தண்ணீரிலேயே முழுப் பக்கற்றையும் கரைத்தல் வேண்டும். "கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப்பம்" என்று ஒரு கப் தண்ணீரில் கரண்டியாற் போட்டால் உப்பு மிகுந்து தீங்காகும். கொதித்தாறிய தண்ணீரில் கரைத்து, கரண்டி கரண்டியாகப் பருக்கி, 24 மணி நேரத்தின் பின் மீதியை ஊற்றிவிட வேண்டும். தீவகத்துக் கிணறுகள் பலவற்றின் நீர் உவர். நல்ல தண்ணீரிலேயே ஜீவனி கரைத்தல் வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தலாகாது. வயிற்றோட்டத்தைக் "கட்டும்" பெரியவர்களின் குளிசைகளைச் சிறு பிள்ளைக்குக் கொடுத்தல் ஆபத்தானது.

போன தடவை மிஞ்சிய அன்ரிபயோட்டிக்கை எடுத்துக் கொடுப்பதும் தவறு. தடிமனுக்கும் பெரும்பாலான வயிற்றோட்டத்துக்கும் அது பயன்படாது. தூளாக வரும் அன்ரிபயோட்டிக் பாணியைப் போத்தலிற் குறித்த கோடு வரை கொதித்தாறிய நீர் விட்டே கலக்க வேண்டும். கலந்தபின் லேபலிற் சொன்ன நாட்களுக்கு மேல் அது மருந்தாக இராது.

பூட்டி வைக்க வேண்டியவை

கற்பூரக் கட்டி பிள்ளையின் கண்ணுக்குக் கற்கண்டுபோலத் தோன்றும். சிறிதளவு விழுங்கினாலே சில நிமிடங்களில் வலிப்பை உண்டாக்கக்கூடிய நஞ்சு அது. சாமியறைத் தட்டில் விபூதி இருக்கலாம். கற்பூரம் எட்டாத உயரத்தில் இருத்தல் வேண்டும். கோயிலுக்குக் கொண்டுவரும் அர்ச்சனைப் பையையும் பிள்ளையின் கையில் கொடுத்தலாகாது. மண்ணெண்ணெயைச் சோடாப் போத்தலில் வைப்பதும் அவ்வாறே தவிர்க்கப்பட வேண்டியது. பிள்ளை கற்பூரத்தையோ மண்ணெண்ணெயையோ உட்கொண்டுவிட்டால் சத்தி எடுக்கவைக்க முயலக்கூடாது. பாலோ தேங்காயெண்ணெயோ பருக்கவும் கூடாது. உட்கொண்ட பொருளையும் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும்.

மருந்தை "இனிப்பு" என்று சொல்லிக் கொடுக்கும் பழக்கத்தையும் கைவிடுதல் நல்லது. இனிப்பென்று நம்பிய பிள்ளை யாரும் இல்லாத வேளையில் அதைத் தேடி எடுக்கும்.

எப்போது படகைப் பார்ப்பது?

வீட்டு மருந்தோடு இருக்கலாமா, புறப்பட வேண்டுமா என்பதற்கு வைத்தியர்கள் சொல்லும் அடையாளங்கள் உண்டு. பால் அல்லது தண்ணீர் குடிக்க முடியாமை, குடித்த அனைத்தையும் சத்தி எடுத்தல், வலிப்பு, எழுப்பியும் விழிக்காத மயக்கம், ஆறு மணி நேரமாகச் சலம் போகாமை, மலத்தில் இரத்தம், மூச்சு வாங்குதல். மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40 என்ற அளவை எட்டினால் அது விரைவான மூச்சு.

காய்ச்சலில் வலிப்பு வந்தால் பிள்ளையை ஒருக்களித்துக் கிடத்த வேண்டும். வாய்க்குள் கரண்டி வைப்பதாலும் கையில் இரும்புத் திறப்பு வைப்பதாலும் பயனில்லை. வாய்க்குள் வைப்பது ஊறும் செய்யும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் அது உயிராபத்து. விரைவில் நின்றாலும் அன்றே வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

கரையூரில் இருப்பவர் இரவு பத்து மணிக்கும் முடிவெடுக்கலாம். தீவில் இருப்பவருக்கு முடிவெடுக்கும் நேரம் பிற்பகல். கடைசிப் படகு புறப்படுவதற்கு முன் ஒரு தரம் பிள்ளையின் அருகில் இருந்து பார்த்தல் வேண்டும். குடிக்கின்றதா, சலம் போகின்றதா, காய்ச்சல் தணிந்த நேரத்தில் முகம் பார்த்துச் சிரிக்கின்றதா? மூன்றுக்கும் ஆம் என்றால் அநேகமாக வீட்டில் வைத்துப் பார்க்கலாம். ஒன்றுக்கு இல்லை என்றாலும் வெளிச்சத்தோடு புறப்படுவதே நன்று. படகு போய்விட்டதாயின் வீட்டில் காத்திராமல் ஊரிலுள்ள வைத்தியசாலைக்கே முதலில் செல்லுதல் வேண்டும். அப்பால் அனுப்ப வேண்டுமா என்பதை அங்குள்ள வைத்தியர் தீர்மானித்து ஒழுங்கு செய்வார். தரைவழி உள்ள இடங்களில் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் கட்டணமின்றி வரும் "சுவசெரிய" அம்புலன்ஸ் சேவை, 2018 ஆம் ஆண்டு முதல் வட மாகாணத்திலும் உண்டு.

பிள்ளைக்கு நோய் வந்தால் விபூதி பூசி அம்பாளை நினைப்பது நம்மவர் மரபு. பூசிய கையாலேயே லேபலையும் வாசித்து, அளந்து, நேரத்தை எழுதிக் கொடுத்தல் வேண்டும். திருவருள் பல வேளைகளில் அருகிருப்பவரின் நிதானமாகவே வந்து உதவுகின்றது. இம்மலரைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு வீட்டினரும் இன்றே மருந்து அலுமாரியைத் திறந்து, காலங்கடந்தவற்றையும் பெயர் அழிந்தவற்றையும் அகற்றி, பிள்ளையின் நிறையை ஒரு கடதாசியில் எழுதிக் கதவின் உட்புறத்தில் ஒட்டி வைப்பார்களாயின், அதுவே இக்கட்டுரையின் பயனாகும்.

எல்லாப் பிள்ளைகளும் நோயின்றி நீடு வாழ அம்பாள் திருவருள் புரிவாளாக.